நூறு என்றால் எத்தனை

முதல் புத்தகம்
கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்குப் பின்னால்
நூருல்லா ஜெராக்ஸில் கிடைத்தது.
யாரோ ஓசூர்ப் பையன்
பிரதி எடுக்கச் சொல்லிவிட்டு
வாங்க வராமலே போனது.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், சுருள்கம்பி, பாதி விலை.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
நாலாம் அத்தியாயத்தில்
இரட்டைப்படைப் பக்கங்கள் மட்டும்.
ஒளி படிகத்துக்குள் நுழைகிறது,
அடுத்த தாளில் வெளியே நிற்கிறது
பச்சையாக.
உள்ளே நடந்ததைச் சொல்ல ஆளில்லை.

நூலகத்தில்
'நேரிலா ஒளியியல்' என்று சீட்டில் எழுதி நீட்டினேன்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
கண் மருத்துவ அடுக்கைக் காட்டினார்.

ஆய்வேடுகள் ஏழு படித்தேன்.
ஏழுக்கும் முன்னுரை ஒன்றே.
ஒரே எழுத்துப்பிழை
வாழையடி வாழையாக வந்திருந்தது.
குறை சொல்ல மாட்டேன்,
படிகம் வளர்க்க அங்கேதான் கற்றேன்:
ஒரு பீக்கர், வாயில் ஊசித்துளைத் தாள்,
முப்பது நாள் அசையாத மேசை.
எங்கள் தெருவில் கிரானைட் லாரி போகும்.
அசையாத மேசைக்கு
நான் எங்கே போவேன்?

பகலில்
முனிரத்தினம் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன்.
இரவில் தண்ணீர்த் தொட்டி மேல் கைபேசி,
அங்கேதான் சிக்னல்.
எந்த ஊரோ, ஒரு பேராசிரியர்
நாற்பது வகுப்பு எடுத்து வைத்திருந்தார்.
ஏழாவது வகுப்பில் கரண்ட் போயிற்று,
அவருக்கு.
இருட்டுக்குள்ளிருந்து
'எங்கே விட்டேன்?' என்று கேட்டார் பாருங்கள்,
அதற்குப் பிறகுதான்
அவரை நம்பத் தொடங்கினேன்.

மூன்று வழியிலும் வந்து
ஒரே சமன்பாட்டில் முட்டினேன்.
கண்ணுக்குத் தெரியாத சிவப்பு
இரண்டு இரண்டாகச் சேர்ந்து
பச்சையாகும் இடம்.
ஜெராக்ஸில் அதற்கு முன்னால் ஓர் இரண்டு.
ஆய்வேட்டில் ஓர் அரை.
வகுப்பில் ஒன்றுமே இல்லை.
பதினொரு நாள் போட்டுப் பார்த்தேன்.
என் கையில் மூன்றுமே வந்தன,
வேறு வேறு நாளில்.
எனக்குப் படிப்பு வராது என்று
தொட்டி மேல் உட்கார்ந்து
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

வைகாசிக் கடைசி.
பர்கூர் எல்லப்பன் பெங்களூரா ஏற்றி வந்து
மண்டி வாசலில் கத்துகிறார்.
எங்கள் மண்டியில் நூறு என்றால் நூற்றைந்து காய்.
அவர் போன வாரம் போட்ட மண்டியில் நூற்றுப்பத்து.
அவர் தோப்பில்
நூறு என்றால் நூறேதான்.
'யார்ம்மா இதுல கள்ளன்?'
யாருமில்லை.
பேனா நின்றுவிட்டது.

இழுப்பறையிலிருந்து ஜெராக்ஸை எடுத்தேன்.
நாலாம் அத்தியாயம் அல்ல, முதலாவது.
அலையை முதன்முதலாக எழுதிக் காட்டும் இடம்.
ஒருவர் அதன் முன்னால் அரை போடுகிறார்,
ஒருவர் போடுவதில்லை,
ஒருவர் இரண்டை எடுத்து
வேறோர் எழுத்தின் மடிக்குள் ஒளிக்கிறார்.
எந்த மண்டியின் நூறு என்பதை
ஒன்பதாம் பக்க அடிக்குறிப்பில்
எறும்பு எழுத்தில் சொல்லியும் விடுகிறார்கள்.
நான்தான்
பச்சையைப் பார்க்க ஓடிவிட்டேன்.

'சிரிக்கிறியே, எம் பொழப்பு போவுது.'
ஐந்து காயை அவர் கூடைக்கே திருப்பித் தள்ளினேன்.
முதலாளி போனில் இருந்தார்.

இப்போது ரசீதுகளின் பின்புறத்தில்
ஒற்றைப்படைப் பக்கங்களை
நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.
பதினேழு ஆயிற்று.
நூற்று முப்பத்தொன்றில்
ஒரு படம் இருந்திருக்க வேண்டும்,
வரையத் தெரியவில்லை.

நூருல்லா கடைக் கண்ணாடியில்
என் எண்ணை ஒட்டி வந்திருக்கிறேன்.
அந்த ஓசூர்ப் பையன் வந்தால் சொல்லுங்கள்:
பணம் வேண்டாம்.
அவனுடைய நூறு எத்தனை என்று
கேட்க வேண்டும்.